திங்கட்கிழமை வலப்பக்கம்

எங்கள் சிறுவர் குதிரையேற்றச் சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர் போன வாரம் போன் செய்தார். பெங்களூரில் முறையாகப் படித்துவிட்டு வந்த பெண். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சுற்றி வளைக்கவில்லை.

"சார், மத்த ரூல் எல்லாம் புரியுது. இந்தத் திங்கட்கிழமை ரூல் மட்டும் ஏன்னு இங்க யாருக்கும் தெரியல. பிள்ளைங்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க. எடுத்துடலாமா?"

அவர் கேட்டது நியாயம். உலகம் முழுக்கக் குதிரையிடம் இடப்பக்கமாகத்தான் போவார்கள். லாயத்திலிருந்து கூட்டி வருவது, சேணம் போடுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இடப்பக்கம். எங்கள் சங்கத்தில் மட்டும் திங்கட்கிழமைகளில் அத்தனையும் வலப்பக்கம். வேறெங்கும் இப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். சங்கத்தில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நேரத்துக்குப் பஞ்சமில்லை.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர்க்காரன். மாடு தெரியும், குதிரை தெரியாது. போலீஸில் சேர்ந்தபோது உயரத்தைப் பார்த்துச் சென்னையில் குதிரைப்படைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் ஒரு குதிரையிடம் வலப்பக்கமாகப் போனேன். ஹவில்தாரின் பிரம்பு கெண்டைக்காலில் விழுந்தது. அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு இடது இடுப்பில் வாள் தொங்குமாம், அதனால் இடப்பக்கமிருந்து ஏறினால்தான் வாள் தடுக்காதாம். வாள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பக்கம் மட்டும் மாறவில்லை. பயிற்சியில் கற்ற மற்றவற்றை இங்கே சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் குதிரை என்று ஒன்று கண்ணில் பட்டாலே என் கால்கள் என்னைக் கேட்காமல் அதன் இடப்பக்கம் போய் நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கி ஊர் திரும்பியபோது, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கக் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கூட்டிவருகிற பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முழுப்பெயர் சங்கத்தின் பெயர்ப் பலகையில் மட்டும் இருந்தது, ஊருக்கு அவர் கேப்டன்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிள்ளைகள் மட்டக்குதிரை ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, தருவைகுளம் போகிற வழியில் உப்பளத்தை ஒட்டிய ஒரு தரிசைக் குத்தகைக்கு எடுத்து, ஆறு மட்டக்குதிரைகளையும் வாங்கிக் கட்டிவிட்டார். மில்லர்புரத்திலிருந்தும் துறைமுகக் குடியிருப்பிலிருந்தும் பெற்றோர்கள் காரில் வந்து இறங்கினார்கள்.

"இதுக்கு மெடிக்கல் சீட்டுல மார்க் உண்டுமா சார்?" என்று ஒரு அப்பா கேட்டார்.

"கெடையாது. சாணி அள்ளத் தெரிஞ்சிக்கிடலாம்" என்றார் கேப்டன்.

பாதிக் கார்கள் திரும்பிப் போய்விட்டன. மீதிப் பிள்ளைகளோடு ஆரம்பித்தோம்.

கேப்டனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் இரண்டு தடவை கேட்பார். குரலை உயர்த்த மாட்டார், வார்த்தையை மாற்ற மாட்டார். குதிரை மேல் இருக்கும் பிள்ளையிடம் "வயித்து வார் இறுக்கியாச்சா?" என்பார். சேணம் போடும்போது மட்டக்குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்ததும் வயிறு இறங்கி வார் தளர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி. பிள்ளை "ஆச்சு கேப்டன்" என்றதும் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு முன்பு கேட்கவே கேட்காதவர்போல அதே கேள்வியை அதே தொனியில் கேட்பார். இரண்டாவது தடவை பாதிப் பிள்ளைகள் குனிந்து வாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

எனக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொதப் பதில் பயத்துல வாரது, வேலாயுதம். அத நான் கணக்குல எடுக்கது இல்ல. ரெண்டாவது என்ன சொல்லுதாங்கன்னுதான் பாப்பேன்" என்றார்.

வேலை முறையை அவரும் நானும் உட்கார்ந்து வகுத்தோம். எந்தப் பிள்ளை எந்தக் குதிரையை ஓட்டுகிறதோ அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அந்தப் பிள்ளைதான். மாதத்தின் முதல் நாள் ஒவ்வொரு குதிரைக்கும் உடல்தகுதித் தாள் நிரப்ப வேண்டும். குளம்பு, கால், முதுகு, பல், கண் என்று வரிசையாகக் கட்டங்கள். பார்ப்பதும் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரேடு. கேப்டன் மைதானத்தின் நடுவில் நிற்க, பிள்ளைகள் குதிரைகளை அவரைச் சுற்றி வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். தகுதியில் தேறாத குதிரையை விற்றுவிட வேண்டும். ஆறு குதிரைக்குத்தான் இடமும் தீனியும் இருந்தன என்பதால் அந்த விதி. அப்படி ஒரு தடவை, கால் நொண்டிய பிஸ்கட் என்ற குதிரையை விற்றோம். அது யார் கைக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை.

ருக்கையா சேரும்போது ஒன்பது வயது. காயல்பட்டினத்துக் குடும்பம். வாப்பா துபாயில் வேலை பார்த்தார், படிப்புக்காகத் தாயும் பிள்ளையும் மில்லர்புரத்தில் வீடு எடுத்திருந்தார்கள். அவளுக்குக் கொடுத்த குதிரை மக்ரூன். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற நம் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனின் வெளிர் நிறம் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். ஆறு குதிரைகளில் அதுதான் சாது. எங்கே நிறுத்தினாலும் நிற்கும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது மக்ரூனின் நெற்றிக்குப் புது அலங்காரம் வந்தது. முன்முடியை ஒரு பக்கமாக வாரிவிட்டு, உம்மாவின் பழைய துப்பட்டாவில் வெட்டிய சரிகைக் கரையை அதன்மேல் தொங்கவிட்டிருந்தாள். ஈ மொய்க்காது மாஸ்டர் என்றாள். உப்பளத்து வெயிலிலும் காற்றிலும் எல்லாக் குதிரைக்கும் கண்ணில் நீர் வடியும், ஈயும் மொய்க்கும். நல்ல யோசனை என்று நானே பாராட்டி, மற்றப் பிள்ளைகளையும் அப்படிச் செய்யச் சொன்னேன். வலப்பக்கமாகச் சுற்றும்போது மட்டும் அவள் குனிந்து குதிரையின் வலது கழுத்தில் கையை வைத்துக்கொண்டு ஏதோ பேசியபடியே போவாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. காயல்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். புதிய பிள்ளைகள் வகுப்புக்குச் சாதுவான குதிரை வேண்டும் என்று மக்ரூனை எடுத்தேன். தருவைகுளத்துப் பிள்ளை ஷீபாவை அதில் ஏற்றினேன். ஏழு வயது. அவள் அப்பா சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர்.

முதல் பாதி இடப்பக்கச் சுற்று ஒழுங்காகப் போனது. பிறகு வலப்பக்கச் சுற்று. மைதானத்தின் உள்வட்டத்தில் அடையாளத்துக்கு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் வைத்திருந்தோம். காற்றில் காலி டிரம் ஒன்று சாய்ந்து உருண்டு வந்தது. மற்றக் குதிரைகள் தலையைத் திருப்பிப் பார்த்து ஒதுங்கின. மக்ரூன் திரும்பவில்லை. டிரம் வலது பின்னங்காலில் பட்ட பிறகுதான் துள்ளியது. இடப்பக்கம் பாய்ந்து வேலிக் கம்பியில் தோள் மோத, ஷீபா கம்பிக்கு வெளியே போய் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அழவில்லை. இடது முழங்கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. கேப்டனின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

திரும்பி வந்து மக்ரூனைப் பார்த்தேன். மோதியது இடது தோள் என்பதால் இடது தோளைப் பார்த்தேன், இடது காலைத் தடவினேன். சிராய்ப்புதான். மருந்து போட்டுக் கட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ருக்கையா விடிந்ததும் வந்துவிட்டாள். விஷயம் அவளுக்குப் போனிலேயே தெரிந்திருந்தது. லாயத்து வாசலில் நின்றபடி கேட்டாள்:

"மாஸ்டர், நேத்து மக்ரூன வலப்பக்கச் சுத்து விட்டியளா?"

ஷீபா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள் என்று நினைத்திருந்தேன். "ஏன் கேக்க?" என்றேன். அவள் லாயத்தின் கடைசியில் நின்ற மக்ரூனைப் பார்த்தாள்.

மக்ரூனின் கட்டு, அதாவது அதைக் கட்டி நிறுத்தும் இடம், வரிசையில் கடைசி. வலப்பக்கம் சுவர். சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் ஒருச்சாய்ந்துதான் போக முடியும். அந்த இடுக்கில் நான் அதுவரை நுழைந்ததே இல்லை என்பது நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சரிகையை ஒதுக்கி முடியைத் தூக்கினேன். கண்மணி தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு படலம். கையை வீசிப் பார்த்தேன். இமைக்கவில்லை.

"வித்துராதீங்க மாஸ்டர். பிஸ்கட்ட நான் திருச்செந்தூர் கடற்கரையில பாத்தேன். நொண்டிக்கிட்டே ஆள ஏத்திக்கிட்டுப் போவுது. உச்சி வெயில்ல நிக்கி. கூப்பிட்டேன், என்னயத் தெரியல அதுக்கு" என்றாள் ருக்கையா.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஷீபாவும் இல்லை, மக்ரூனும் இல்லை. ஐந்து தாள்கள். சரிகை தொங்க ஆரம்பித்த பிறகு ஐந்து மாதங்கள் "கண்கள்: தெளிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.  இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கேப்டன் ஏழு மணிக்கு வந்தார். குதிரையை வெளியே நிறுத்திக் கண்ணைக் காட்டினேன். ருக்கையா அருகிலேயே நின்றாள். கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"இது எப்ப வந்துது, வேலாயுதம்?"

"நேத்துக் கம்பியில மோதுனதுல வந்திருக்கும் சார்" என்றேன்.

மோதியது இடது தோள். கெட்டிருந்தது வலது கண். பொய் சொல்லும்போதுகூட நான் வலப்பக்கத்தை யோசிக்கவில்லை. கேப்டன் கடல் பக்கம் திரும்பி நின்றார். அந்த அமைதி எதற்கு என்று எனக்குத் தெரியும். பிறகு திரும்பி, அதே தொனியில்,

"இது எப்ப வந்துது, வேலாயுதம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்கையா பேசிவிட்டாள்.

"நோன்புக்கு முன்னாலயே வந்துட்டு கேப்டன், அஞ்சு மாசமாச்சு. எனக்குத் தெரியும். முடியப் போட்டு நாந்தான் மறச்சேன். மாஸ்டருக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் சொன்னது. அதுதான் என் குற்றமும்.

கேப்டன் அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "அஞ்சு மாசத் தாள்லயும் ஒம்ம கையெழுத்து இருக்கு. வலது கண்ணப் பாத்தீரா?" என்றார்.

"பாக்கல சார்."

இந்தக் கேள்வியை அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மைதானத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பரேடில் எப்போதும் இடப்பக்கமாகச் சுற்றி வரும் குதிரையின் இடது உடம்புதான் நடுவில் நிற்பவருக்குத் தெரியும். அது அவருக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். "நானும் அங்கன நின்னுதான பாத்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மத்தியானம் கால்நடை டாக்டர் வந்தார். கண்ணுக்குள் திரும்பத் திரும்ப அழற்சி வந்து பார்வை போய்விட்டது, இனி வராது, மற்றக் கண் நன்றாக இருக்கிறது என்றார். ஆரம்பத்திலேயே சொட்டு மருந்து போட்டிருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். ருக்கையா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேப்டன் கேட்டுக்கொண்டார். வளர்ந்த பிறகு அவளே எங்கோ படித்துத் தெரிந்துகொண்டு வந்து என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். பார்க்க வேண்டியது என் வேலை, உன் வேலை இல்லை என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் ஷீபாவின் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார் கேப்டன். தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். ருக்கையாவின் உம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

தருவைகுளத்தில் ஷீபாவின் அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா எங்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரச் சொன்னார். ஷீபா தோளில் கட்டோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்கையா உட்காரவில்லை.

"எம்பிள்ள ஒரு தப்புப் பண்ணிட்டா. அவளே சொல்லட்டும்" என்றார் உம்மா.

ருக்கையா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஷீபாவின் அம்மா டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "ஏளா, நீ எத்தனாப்பு படிக்க?" என்று கேட்டார்.

"ஏழாப்பு."

அவர் என் பக்கம் திரும்பினார். "இது ஏழாப்புப் படிக்கிற பிள்ள. நீங்க பாக்கலியா அண்ணாச்சி?"

கேப்டனிடம் பழகிப் பழகி எனக்கு எல்லாக் கேள்வியும் இரண்டு தடவை வரும் என்ற நினைப்பு இருந்தது. அந்த அம்மா ஒரு தடவைதான் கேட்டார்.

"இல்லம்மா. பாக்கல. பாத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காப்பி போடுதேன். குடிச்சிட்டுப் போங்க" என்று எழுந்து உள்ளே போனார். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் ருக்கையா கேட்டாள், "மாஸ்டர், மக்ரூன வித்துருவாங்களா?"

விதிப்படி விற்கத்தான் வேண்டும். தெரியலம்மா என்றேன். அந்த வாரம் முழுவதும் கேப்டன் முடிவு சொல்லவில்லை. மக்ரூன் கட்டிலேயே நின்றது. ருக்கையா தினமும் வந்து அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை கேப்டன் எல்லாரையும் லாயத்து முன்னால் கூப்பிட்டார். தானே உள்ளே போனார். எழுபது வயதில் சுவரோரம் ஒருச்சாய்ந்து நுழைந்து, "மக்ரூன், நாந்தான்டே" என்று குரல் கொடுத்துவிட்டு, வலப்பக்கமிருந்து தலைக்கயிற்றை மாட்டப் பார்த்தார்.  இரண்டு தடவை கயிறு நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை மாட்டி, வலப்பக்கம் நடந்தபடியே வெளியே கூட்டிவந்தார்.

"திங்கக்கிழம எல்லாம் இந்தப் பக்கந்தான். எல்லாக் குதிரைக்கும். மாஸ்டருக்கும், எனக்கும்" என்றார். பிறகு குதிரையின் கழுத்தைத் தட்டினார். "இவன் இனிமே ஆள் ஏத்த மாட்டான். தொடுததுக்கு முன்னால கொரல் குடுக்கணும்னு உங்களுக்கு இவந்தான் சொல்லிக் குடுக்கணும். அதனால இங்கனதான் நிப்பான்."

ருக்கையாவுக்கு இரண்டு மாதம் சவாரி கிடையாது, மக்ரூனைக் கூட்டிவந்து கட்டுகிற வேலை மட்டும் என்றார். அவள் முகத்தைப் பார்த்தால் தண்டனை வாங்கிய பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத்தான் தண்டனை சரியாக விழுந்தது. வலப்பக்கமிருந்து சேணம் போடப்போய் வாரைத் தலைகீழாக மாட்டினேன், ஏறப்போய்த் தப்பான காலை அங்கவடியில் வைத்தேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் இரண்டாவது திங்கட்கிழமையே ராஜா என்ற குதிரையின் வலது பின்குளம்பில் நீளமாக ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தேன். பழைய வெடிப்பு.

கேப்டன் இப்போது இல்லை. மக்ரூன் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், வயதாகி, அதே கட்டில் செத்தது. குரல் கொடுத்துத் தொட வேண்டிய குதிரை இன்று லாயத்தில் இல்லைதான். ஆனால் புதிய பயிற்சியாளரே, என்னைப்போலக் கால் பழகிப்போனவர்கள் இன்னும் வருவார்கள். நீங்களும் ஒருநாள் அப்படி ஆகலாம். எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இன்னும் ஒன்று. ஷீபா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பிள்ளைதான் அடம் பிடித்திருக்கிறாள். அம்மா கூட்டிவந்து விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே நின்றார். சாதாரணமாகப் பெற்றோர்கள் பிள்ளையைப் பார்த்துக் கையாட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அவர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீபாவுக்குக் குளம்பு வெடிப்பு ஆறிய ராஜாவைக் கொடுத்திருந்தேன். இடப்பக்கம் வாரைப் பார்த்தேன், குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். பிறகு குதிரையின் முன்னால் சுற்றி வலப்பக்கம் போய், நெற்றிமுடியை ஒதுக்கி அந்தக் கண்ணையும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவர் வேலியை விட்டு நகர்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

அன்று புதன்கிழமை.